கல்யாண கேசட்டும் மழைக்கால வெல்லமும்

கீழ்வீட்டு அக்கா ஒரு மஞ்சள் பையோடு மாடியேறி வந்தார். பைக்குள் ஒரு கேசட். டெக்கில் போட்டுப் பார்ப்போமே, அந்தக் கறுப்பு வீடியோ கேசட். 1992-இல் நடந்த அவருடைய கல்யாணம். பழைய டெக்குகளை வாங்கிக் கழற்றிப் பார்க்கும் கெட்ட பழக்கம் எனக்கு உண்டென்று தெருவுக்கே தெரியும்.

"இது இன்னும் ஓடுமா தம்பி? இல்ல, இத்தனை வருஷத்துல உள்ள இருந்த படமெல்லாம் போயிருக்குமா?"

டீ போடப் போனேன். அக்காவின் கேள்வியில் பின்பாதி இருக்கிறதே, படம் 'போயிருக்குமா' என்பது, அதில்தான் நம் எல்லோருக்கும் இருக்கிற ஒரு தப்பெண்ணம் உட்கார்ந்திருக்கிறது. அதற்கு மெதுவாக வருவோம். முதலில் கேசட்டைக் கையில் எடுத்துப் பார்ப்போம். உங்கள் வீட்டு பீரோவிலும் ஒன்று இருக்கும். டீ ஆறுவதற்குள் எடுத்து வந்துவிடலாம்.

கேசட்டின் பக்கவாட்டில் ஒரு சின்னப் பொத்தான் இருக்கும். நகத்தால் அதை அமுக்கிக்கொண்டே நீளவாக்கில் இருக்கும் மூடியைத் தூக்கினால் உள்ளே ரிப்பன் தெரியும். அரை அங்குல அகலம், கரும்பழுப்பு நிறம். தொட வேண்டாம், விரலில் இருக்கும் எண்ணெய்ப் பிசுக்கு அதற்கு ஆகாது. மூன்று மணி நேரக் கேசட் என்றால் ஏறக்குறைய 258 மீட்டர் ரிப்பன் அந்த இரண்டு சக்கரங்களில் சுற்றியிருக்கிறது. ரிப்பனின் தடிமன் ஒரு மில்லிமீட்டரில் ஐம்பதில் ஒரு பங்கு.

இந்த ரிப்பன் எதனால் ஆனது? நம் பழைய வீட்டுச் சுவரை நினைத்துக்கொள்ளுங்கள். அடியில் சுவர், மேலே வெள்ளையடித்த சுண்ணாம்பு. சுண்ணாம்பை வெறுமனே தண்ணீரில் கரைத்து அடித்தால் சாய்ந்தவர் சட்டையெல்லாம் வெள்ளையாகிவிடும். அதனால்தான் கொஞ்சம் பசை சேர்த்து அடிப்பார்கள். கேசட் ரிப்பனும் அப்படித்தான். சுவர் இருக்கும் இடத்தில் பாலியஸ்டர் படலம். சுண்ணாம்பு இருக்கும் இடத்தில் மிக நுண்ணிய இரும்பு ஆக்சைடு தூள், அதாவது ஒரு வகைத் துரு. அந்தத் துருவைப் படலத்தோடு பிடித்து வைத்திருப்பது பாலியூரித்தேன் என்கிற பசை. படலம், தூள், பசை: இந்த மூன்றில் யார் முதலில் மண்டையைப் போடுவார் என்பதுதான் இன்றைய கதை.

படம் அதில் எப்படி எழுதப்படுகிறது என்பதையும் பார்த்துவிடலாம், ஏனென்றால் கேசட்டைப் பாதுகாப்பதில் பாதி விஷயம் அங்கிருந்துதான் வருகிறது. பாட்டுக் கேசட்டில் ஒலி ரயில் தண்டவாளம் போல ரிப்பனின் நீளவாக்கில் பதியும். படத்துக்கு அது கட்டுப்படியாகாது. படத் தகவல் அவ்வளவு அதிகம். நேர்கோட்டில் பதிய வேண்டுமென்றால் ரிப்பன் விநாடிக்கு ஐந்து மீட்டர் வேகத்தில் ஓட வேண்டும். 258 மீட்டரும் ஒரு நிமிஷத்துக்குள் தீர்ந்துவிடும். மாப்பிள்ளை மணவறையில் உட்காருவதற்குள் கேசட் முடிந்துவிடும்.

அதனால் ஒரு தந்திரம் செய்தார்கள். ரிப்பனை மெதுவாக, விநாடிக்கு இரண்டரை சென்டிமீட்டருக்கும் குறைவாக நகரவிட்டு, பதிகிற தலையைச் சுழலவிட்டார்கள். டெக்கின் மூடியைக் கழற்றினால் பளபளவென்று ஒரு உருளை தெரியும். 62 மில்லிமீட்டர் விட்டம், லேசாகச் சாய்ந்து நிற்கும். நம் ஊர் டிவி முறையில் அது நிமிஷத்துக்கு 1500 சுற்று சுற்றுகிறது. அதன் விளிம்பில் எதிரெதிராக 'ஹெட்' எனப்படும் குட்டிக் காந்தமுனைகள் இரண்டு. சாய்ந்த உருளை, நேராக நகரும் ரிப்பன். ஆகவே ஒவ்வொரு பதிவும் ரிப்பன் மேல் சாய்வான ஒரு கோடாக விழுகிறது. கத்தரிக்காயைச் சாய்வாக நறுக்கினால் நீள நீளமாகத் துண்டு கிடைக்கிறதே, அந்தக் கணக்கு. விநாடிக்கு 50 கோடுகள். ஒவ்வொன்றும் பத்து சென்டிமீட்டருக்குச் சற்றுக் குறைவான நீளம். அகலமோ 49 மைக்ரான், நம் தலைமுடியை விடச் சன்னம்.

படம் இந்தச் சாய்கோடுகளில் இருக்கிறது. சாதாரண ஒலி, ரிப்பனின் மேல்விளிம்பில் ஒரு மில்லிமீட்டர் அகல ஓடையில் தனியாக இருக்கிறது. கீழ்விளிம்பில் இன்னொரு மெல்லிய ஓடை; கோடு எங்கே தொடங்குகிறது என்று டெக்குக்கு எண்ணிச் சொல்லும் மைல்கல் வரிசை அது. இந்த இரண்டு விளிம்புகளையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். கேசட்டைப் படுக்க வைத்து, அதன் மேல் நாலு கேசட், அதற்கும் மேல் பழைய ஆல்பம் என்று அடுக்குகிறோமே, வருஷக்கணக்கில் அப்படிக் கிடந்தால் ரிப்பன் சுருள் ஒரு பக்கமாகச் சரிந்து விளிம்பு மடங்கும். மேல்விளிம்பு போனால் குரல் போச்சு. கீழ்விளிம்பு போனால் படம் குதிக்கும். புத்தகத்தை அலமாரியில் நிறுத்தி வைப்பது போல நிறுத்தி வைத்தாலே இந்தத் தொல்லை போய்விடும். காசில்லாத வைத்தியம்.

இனி அந்தத் தப்பெண்ணத்துக்கு வருவோம்.

பழைய கேசட் என்றதும் நம் மனதில் வருவது மங்கிப்போன புகைப்படம். வெயில் பட்டுப் பட்டு நிறம் வெளுத்து, முகம் கரைந்து, ஒருநாள் வெறும் மஞ்சள் காகிதமாகிவிடும். கேசட்டில் இருக்கும் காந்தமும் அப்படித்தான் ஆண்டுக்காண்டு கொஞ்சம் கொஞ்சமாக ஆவியாகிக்கொண்டிருக்கிறது என்று நினைக்கிறோம். படித்தவர்கள், பொறியாளர்கள்கூட இப்படிச் சொல்லக் கேட்டிருக்கிறேன். பழைய கேசட்டைப் போட்டதும் திரையில் கொசு மொய்த்தால் "பார்த்தியா, காந்தம் போச்சு" என்று முடிவு கட்டிவிடுகிறோம்.

காந்தம் போகவில்லை. இரும்பு ஆக்சைடு துகளில் ஒருமுறை எழுதிய காந்தப் பதிவு வெகுகாலம் அசையாமல் கிடக்கும். அதைப் பிடித்து வைத்த பசையும் எழுதிய இயந்திரமும் செத்த பிறகும் அது இருக்கும். காந்தத்தில் ஓரளவு பலவீனமானவை உலோகத் தூள் பூசிய ரிப்பன்கள். கையடக்கக் கேமராவில் போட்ட ஹை-8 போன்ற குட்டிக் கேசட்டுகளில் அவை வரும். வீட்டுப் பெரிய கேசட்டின் துரு கெட்டிக்கார ஜாதி.

அப்படியானால் கொசு எங்கிருந்து வருகிறது? பெரும்பாலும் டெக்கின் ஹெட்டில் அழுக்கு. அல்லது பதிந்த டெக்கும் போடுகிற டெக்கும் கோட்டைப் பிடிப்பதில் முடியளவு வேறுபடுகின்றன; 'டிராக்கிங்' குமிழைத் திருகுவது அதைச் சரிசெய்யத்தான். இன்னொரு காரணம் நம் ஊருக்கே உரியது. ஸ்டூடியோக்காரர் மூலக் கேசட்டைத் தன்னிடம் வைத்துக்கொண்டு நகல் கொடுப்பார். அந்த நகலிலிருந்து பெரியப்பா வீட்டுக்கு ஒரு நகல், அதிலிருந்து சம்பந்தி வீட்டுக்கு ஒன்று. ஒவ்வொரு நகலிலும் படம் ஒரு படி தேயும். நாம் இன்று 'மங்கிவிட்டது' என்று வருந்தும் படம் 1992-லேயே மங்கலாகத்தான் நம் கைக்கு வந்தது. அன்றைக்கு அது நம் கண்ணுக்குப் படவில்லை, அவ்வளவுதான்.

காந்தம் போகும் என்ற பயம் இருக்கிறதே, அது நம்மைத் தப்பான திருடனைத் துரத்த வைக்கிறது. விமான நிலையத்தில் பையை எக்ஸ்-ரேயில் விட்டால் கேசட் அழிந்துவிடும் என்று கையில் தூக்கிக்கொண்டு சண்டை போட்டவர்கள் உண்டு. எக்ஸ்-ரே காந்தத்தை ஒன்றும் செய்யாது. ஸ்பீக்கருக்குப் பக்கத்தில் வைக்கக் கூடாது என்பது சரிதான். ஆனால் காந்த வலு தூரத்தோடு படுவேகமாகக் குறையும், ஒரு சாண் தள்ளி வைத்தாலே போதும்.

காந்தப் பதிவை உண்மையில் அழிப்பது இன்னொரு பதிவு. கேசட்டின் முதுகில் ஒரு சின்ன பிளாஸ்டிக் நாக்கு இருக்கும். அதை உடைத்துவிட்டால் டெக் அதன் மேல் பதிய மறுத்துவிடும். நாம் என்ன செய்தோம்? உடைத்த ஓட்டையில் செல்லோ டேப் ஒட்டி, மறுபடி பதிந்தோம். தாலி கட்டும் நேரத்தில் சடாரென்று கிரிக்கெட் மைதானம் வந்துநின்ற கேசட்டுகள் எத்தனை! இதில் நாம் மட்டும் குற்றவாளிகள் இல்லை. 1969-இல் மனிதன் நிலாவில் கால் வைத்த காட்சி, உலகம் டிவியில் பார்த்ததை விடத் தெளிவாக நாசாவின் தகவல் நாடாக்களில் நேரடியாகப் பதிவாகியிருந்தது. பின்னாளில் தேடியபோது அவை கிடைக்கவில்லை. நாடாத் தட்டுப்பாட்டில் அழித்து மறுபடி பயன்படுத்தப்பட்டிருக்க வேண்டும் என்று 2009-இல் நாசாவே சொன்னது. பிபிசியும் அறுபதுகள், எழுபதுகளின் நிகழ்ச்சிகள் பலவற்றை இப்படித்தான் இழந்தது. நாடா விலை அதிகம், மறுஒளிபரப்பு பெரிய விஷயமில்லை என்ற காலம் அது. ஆகவே உங்கள் கேசட்டின் முதுகில் செல்லோ டேப் ஒட்டியிருந்தால் டீயைக் கீழே வைத்துவிட்டு இப்போதே பிய்த்துவிடுங்கள்.

சரி, காந்தம் நிற்கும் என்றால் கெடுவது எது? பசை.

மழைக்காலத்தில் சமையலறை டப்பாவில் வெல்லம் என்ன ஆகிறது என்று பார்த்திருப்பீர்கள். கெட்டியாக இருந்தது காற்றிலிருக்கும் ஈரத்தை இழுத்து நெகிழ்ந்து, கடைசியில் ஒட்டுகிறது. ரிப்பனில் இருக்கும் பாலியூரித்தேன் பசையும் ஈரத்தைக் குடிக்கும். ஆனால் வெல்லம் வெறுமனே இளகுகிறது. இங்கே தண்ணீர் அந்தப் பசையின் நீண்ட வேதிச் சங்கிலிகளையே வெட்டிவிடுகிறது. நீராற்பகுப்பு என்று பள்ளியில் படித்தது இதுதான். சங்கிலி அறுந்த பசை பிசுபிசுக்கும். ரிப்பன் ஹெட்டில் ஒட்டும், கிறீச்சிடும், ஓடும்போது துருவை உதிர்த்துக்கொண்டே போகும். உதிர்கிற பழுப்புத் தூள்தான் உங்கள் பாட்டியின் முகம். சுண்ணாம்பு சட்டையில் ஒட்டிக்கொண்டு போகிற கதை.

இந்தப் பிசுபிசுப்பு அதிகம் தாக்கியது எழுபது, எண்பதுகளின் ஒலிநாடாச் சுருள்களையும், தொலைக்காட்சி நிலையங்கள் பயன்படுத்திய யூ-மேட்டிக் கேசட்டுகளையும். அவற்றை மீட்க ஆவணக் காப்பகக்காரர்கள் ஒரு விசித்திரமான வேலை செய்கிறார்கள்: 50 டிகிரிக்குச் சற்று மேல், துல்லியமாகக் கட்டுப்படுத்திய அடுப்பில் மணிக்கணக்கில் வைத்து ஈரத்தை விரட்டுகிறார்கள். சில நாட்களோ வாரங்களோ நாடா ஓடும் நிலைக்கு வரும். அந்த இடைவெளியில் நகலெடுத்துக்கொள்ள வேண்டும். பிறகு பழையபடி ஒட்டும். இதைப் படித்துவிட்டு யாரும் கேசட்டை மொட்டைமாடி வெயிலில் வடகம் போலக் காயப்போட வேண்டாம். நம் வீட்டுக் கேசட்டுகளில் இந்த நோய் குறைவு. நம்முடைய நோய் வேறு.

பூஞ்சை. அக்காவின் கேசட்டைச் சன்னல் வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்தேன். கேசட்டின் கண்ணாடிச் சன்னல் வழியே ரிப்பன் சுருளின் பக்கவாட்டு தெரியும். நல்ல சுருள் என்றால் இசைத்தட்டு மாதிரி வழவழவென்று, கறுத்து மின்னும். இதில் ஒரு பக்கம், பிறைநிலா அளவுக்கு, விபூதி தெளித்தாற்போல வெள்ளை. அக்கா, "தூசி ஏதோ படிஞ்சிருக்கு" என்றார். கண்ணாடிக்கு உள்ளே தூசி படியாது.

இதை நான் அறிந்துகொண்ட விதம் பெருமைப்படத்தக்கதல்ல. சில வருஷங்களுக்கு முன் நண்பர் ஒருவர் கொடுத்த கேசட்டில் இதே விபூதி. துடைத்தேன், போகவில்லை, சரி பார்ப்போம் என்று டெக்கில் தள்ளிவிட்டேன். பத்து நிமிஷத்தில் திரை முழுக்கக் கொசு. டெக்தான் மக்கர் பண்ணுகிறதோ என்று சோதிக்க, என்னுடைய நல்ல கேசட் ஒன்றை, என் அக்கா மகனுக்குக் காது குத்தியதை, அதே டெக்கில் போட்டேன். முட்டாள்தனத்தின் உச்சம் அதுதான். ஹெட்டில் அப்பியிருந்த பூஞ்சையை அந்த ரிப்பன் நெடுக நானே தடவிக் கொடுத்தேன். ஆறு மாதம் கழித்து அதன் சன்னலிலும் வெள்ளை.

காற்றில் ஈரப்பதம் 65 விழுக்காட்டுக்கு மேல் நீடித்தால் பூஞ்சைக்குக் கொண்டாட்டம். சென்னை மாதிரி கடலோர ஊர்களில் அது சர்வசாதாரணம். பாதுகாப்பு என்று நினைத்து நாம் செய்கிற காரியமே பல சமயம் அதற்கு விருந்து வைக்கிறது. ஈரக்காற்றுள்ள நாளில் கேசட்டைப் பிளாஸ்டிக் கவரில் போட்டு, ரப்பர் பேண்டு இறுக்கி, பட்டுப்புடவைகளுக்கு அடியில் வைக்கிறோம். ஈரத்தையும் சேர்த்துத்தான் கட்டி வைத்திருக்கிறோம். பக்கத்தில் பாச்சை உருண்டை வேறு. அது பூச்சியை விரட்டும், பூஞ்சை அதைச் சட்டை செய்யாது.

வெள்ளை தெரிந்தால் செய்ய வேண்டியது இவ்வளவுதான்: டெக்கில் போடாதீர்கள், மற்ற கேசட்டுகளிலிருந்து பிரித்து வையுங்கள், திறந்து ஊதிப் பார்க்காதீர்கள்; அந்தத் தூள் நுரையீரலுக்கு நல்லதல்ல. முதலில் அது காய வேண்டும். சிலிக்கா ஜெல் பொட்டலங்களோடு, மூடியுள்ள டப்பாவில் சில வாரம் வைத்தால் பூஞ்சை உறங்கிப் பொடியாகும். பிறகு கேசட்டின் ஐந்து திருகாணியைக் கழற்றி, ரிப்பனை மெல்லிய துணிகளுக்கு நடுவே மெதுவாக ஓடவிட்டுத் துடைப்பார்கள். பொறுமையும் முகமூடியும் வேண்டிய வேலை. ஒரே கேசட், அதுவும் பிரியமானவர் குரல் உள்ள கேசட் என்றால், பழகியவரிடம் கொடுப்பது உத்தமம்.

சேமிப்புக்கு ஆவணக் காப்பகங்கள் ஒரு பன்னாட்டுத் தர அளவை வைத்திருக்கின்றன. 11 டிகிரி குளிர் என்றால் ஈரப்பதம் 50 விழுக்காடு வரை போகலாம். 17 என்றால் 30. 23 டிகிரி என்றால் 20 விழுக்காட்டுக்குள். வெப்பம் ஏற ஏற ஈரத்துக்குக் கொடுக்கும் இடம் சுருங்குகிறது, கவனித்தீர்களா? நம் வீட்டில் 32 டிகிரி, ஈரம் 75. இந்தக் கணக்கைப் பார்த்துச் சிரித்துவிட்டு விட்டுவிடலாம். உடனே சிலருக்கு ஃபிரிட்ஜ் ஞாபகம் வரும். வேண்டாம். உள்ளே ஈரம் அதிகம்; வெளியே எடுத்ததும், குளிர்ந்த சொம்பில் வியர்க்குமே, அப்படி ரிப்பனிலும் நீர் கோக்கும். எட்டு டிகிரிக்குக் கீழே போனால் பசையில் கலந்திருக்கும் மசகும் பிரிந்து வெளியே வந்துவிடும்.

வீட்டில் செய்யக்கூடியது எளிது. பரண் வேண்டாம், ஓட்டுக்கும் தளத்துக்கும் அடியில் அது ஒரு சூளை. தரையும் குளியலறைச் சுவரை ஒட்டிய பீரோவும் வேண்டாம். வீட்டின் நடுவறையில், உள்சுவர்ப் பக்கமாக, மார்பளவு உயரத்தில் ஒரு மர அலமாரி. கேசட்டுகள் நின்ற நிலையில், தத்தம் உறைக்குள், ரிப்பன் முழுக்க ஒரே பக்கம் சுற்றப்பட்டு. பாதியில் நிறுத்தி வைத்த கேசட்டில், திறந்து கிடக்கும் அந்த ஒரு சாண் ரிப்பன்தான் முதலில் அடிபடும். அது மாலை மாற்றும் காட்சியாக இருக்கலாம். ரிப்பனின் இரு முனைகளிலும் ஒளிஊடுருவும் வெறும் நாடா ஒன்றை வைத்திருக்கிறார்களே, அந்த நுனிவரை சுற்றினால் நல்ல ரிப்பன் எல்லாம் சுருளுக்குள் பத்திரம்.

இத்தனையும் செய்தால் கேசட் பிழைத்துக்கிடக்கும். ஆனால் அதைப் படிக்க யார் இருக்கிறார்கள்?

டெக். இந்தக் கேசட்டின் வி.எச்.எஸ். முறையை ஜேவிசி ஜப்பானில் 1976-இல் கொண்டுவந்தது. நாற்பது வருஷம் கழித்து, 2016 ஜூலையில், டெக் தயாரித்துக்கொண்டிருந்த கடைசி நிறுவனமான ஃபுனாய் உற்பத்தியை நிறுத்தியது. அன்றிலிருந்து உலகத்தில் இருக்கும் டெக்குகளின் எண்ணிக்கை குறைய மட்டுமே செய்யும். ரப்பர் பெல்ட் தளர்கிறது, மின்தேக்கிகள் கசிகின்றன, ஹெட் தேய்கிறது. தேய்ந்த ஹெட்டுக்குப் புதிது கிடையாது. செத்த டெக்கிலிருந்து கழற்ற வேண்டும். ஹெட்டைத் துடைக்கத் தெரிந்தவர்களும் அருகிவிட்டார்கள். காது குடையும் பஞ்சால் மேலும் கீழுமாகத் தேய்த்தால் அந்த நுண்ணிய முனை ஒடிந்துவிடும்; ஸ்பிரிட்டில் நனைத்த மான்தோல் மாதிரியான துணியை உருளையோடு அசையாமல் பிடித்துக்கொண்டு உருளையைத்தான் கையால் சுற்ற வேண்டும். ஆஸ்திரேலியாவின் தேசியத் திரைப்பட, ஒலி ஆவணக் காப்பகம் 2015-இலேயே எச்சரித்தது: 2025-க்குள் எண்மமாக்காத நாடாக்கள் பெரும்பாலும் இழப்புதான் என்று. 2019-இல் யுனெஸ்கோவும் இதே கவலையை எழுப்பியது. அந்த எச்சரிக்கைகள் நாடா வெடித்துவிடும் என்பதற்காக அல்ல. நாடா இருக்கும், இயந்திரம் இருக்காது.

ஆக, அலமாரியில் ஒழுங்காக வைப்பது நமக்குக் கொஞ்சம் அவகாசம் வாங்கிக் கொடுக்கிறது. அந்த அவகாசத்தில் படத்தை ரிப்பனிலிருந்து வெளியே எடுத்தாக வேண்டும். எப்படி எடுப்பது?

டெக்கையும் கணினியையும் ஒரு கம்பியால் இணைத்தால் படம் வந்துவிடும். அதற்கான விரல் நீளக் கருவி சில நூறு ரூபாய்க்கே கிடைக்கும். அதில் ஒரு சிக்கல். ரிப்பன் இழுபட்டும் சுருங்கியும் ஓடுவதால் படத்தின் ஒவ்வொரு வரியும் கொஞ்சம் முந்தியோ பிந்தியோ வருகிறது. பழைய குழாய் டிவி அதைப் பொறுத்துக்கொள்ளும். கணினி பொறுக்காது, படம் நெளியும், காட்சி விட்டுப்போகும், குரலும் உதடும் பிரியும். இதற்குத்தான் நடுவில் 'டைம் பேஸ் கரெக்டர்' என்றொரு கருவி வைக்கிறார்கள். பள்ளியில் மதிய உணவு மணி அடித்ததும் பிள்ளைகள் கண்டபடி ஓடி வருவார்கள். வாசலில் ஒரு ஆசிரியர் நின்று ஒவ்வொருவராக நிறுத்தி, ஒரே இடைவெளியில் உள்ளே அனுப்பினால்? அந்த ஆசிரியர்தான் அந்தக் கருவி. நகலெடுத்துத் தரும் கடைக்குப் போனால் "டி.பி.சி. வைத்திருக்கிறீர்களா?" என்று கேளுங்கள். முகம் மலர்ந்தால் நல்ல கடை.

அடுத்து, எந்த வடிவில் சேமிப்பது. கோப்பைச் சுருக்குவதில் இரண்டு வகை. புடவையை மடித்து வைப்பது ஒன்று; விரித்தால் அதே புடவை. கத்தரிக்காயை வற்றல் போடுவது இன்னொன்று. இடம் மிச்சம், ஆனால் வற்றலை ஊறவைத்துக் கத்தரிக்காயாக்க முடியாது. ஸ்டூடியோக்கள் டிவிடியில் போட்டுக் கொடுப்பது வற்றல். போதாததற்கு, வீட்டில் எழுதும் டிவிடியின் சாயம் நாளடைவில் வெளுக்கும். மங்கிப்போகும் என்ற பயம் உண்மையில் பொருந்துவது இந்தத் தட்டுக்குத்தான்! காப்பகங்கள் விரும்புவது மடித்த புடவை: எஃப்.எஃப்.வி.1 என்றொரு இலவச முறை. சுருக்காமல் வைத்தால் ஒரு மணி நேரப் படம் 75 ஜிபி வரை பிடிக்கும், இந்த முறையில் அதில் பாதிக்கும் கீழே. கல்யாணம் மூன்று மணி நேரம் என்றாலும் இன்றைய ஹார்டு டிஸ்க்கில் அது ஒரு மூலைதான். அதிலிருந்து போனில் பார்க்க ஒரு வற்றல் போட்டுக்கொள்ளலாம், தடையில்லை. கேசட்டை மட்டும் தூக்கி எறிந்துவிடாதீர்கள். நாளைக்கு இன்னும் நல்ல கருவியில் மறுபடி எடுக்க வேண்டி வரலாம்.

எடுத்த கோப்பை ஒரே இடத்தில் வைக்கக் கூடாது என்பதை உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. இரண்டு ஹார்டு டிஸ்க், ஒன்று வேறு வீட்டில். ஹார்டு டிஸ்க் ஐந்தாறு வருஷத்தில் மாற்ற வேண்டிய பண்டம். விதைநெல்லை மச்சில் போட்டுவிட்டு இருபது வருஷம் கழித்துத் திறந்தால் முளைக்காது, நடுவில் விதைத்து அறுத்துப் புதுப்பித்துக்கொண்டே இருந்தால்தான் விதை. பெரிய காப்பகங்கள் இந்தக் கோப்புகளையெல்லாம் எதில் வைக்கின்றன தெரியுமா? எல்.டி.ஓ. என்கிற கேசட்டில். உள்ளங்கையளவு பெட்டி, உள்ளே அதே அரை அங்குலக் காந்த நாடா. 2021-இல் வந்த ஒன்பதாம் தலைமுறையில் ஒன்றுக்கு 18 டெராபைட். டெக்கைக் கைவிட்ட பிறகும் நாடாவை விட மலிவாகவும் நீண்ட நாளும் வைக்க ஒன்று கிடைக்கவில்லை. எனக்கு இதில் ஒரு அற்ப சந்தோஷம்.

அக்காவின் கேசட் காய்ந்து, துடைத்து, ஓடுவதற்கு இரண்டு மாதம் ஆனது. இதற்கென்று ஒரு பழைய டெக்கை ஒதுக்கிவைத்தேன், அனுபவம் கற்றுக்கொடுத்தது. படம் வந்தது. அந்தக் காலத்து வழக்கப்படி ஸ்டூடியோக்காரர் ஒலி முழுக்க சினிமாப் பாட்டு சேர்த்து, இதய வடிவத்துக்குள் மணமக்களைச் சுழலவிட்டிருந்தார். ஓரிடத்தில் மட்டும் பாட்டு முடிந்து அடுத்தது தொடங்குவதற்குள் ஒரு பத்து விநாடி நிஜச் சத்தம். ஊஞ்சல் பக்கத்திலிருந்து அக்காவின் மாமியார் யாரையோ அதட்டுகிறார், "காப்பி குடுத்தியா அவங்களுக்கு?" மேல்விளிம்பு மடங்காமல் இருந்ததால் தப்பிய குரல்.

அக்கா அதை நாலு தரம் போடச் சொன்னார். பிறகு நோட்டை எடுத்துவைத்துக்கொண்டு, யார் யார் எங்கே வருகிறார்கள் என்று நிமிஷக் கணக்கோடு எழுதினோம். பந்தியில் சாம்பார் வாளியோடு கேமராவைப் பார்த்துச் சிரிக்கிறவர் யார் என்று மட்டும் தெரியவில்லை. திருச்சியில் இருக்கும் நாத்தனாரைக் கேட்டுச் சொல்வதாகச் சொல்லியிருக்கிறார்.